ஃபிக்ஸட் கேஸ் டிடெக்டர்: சுவரில் மாட்டுவதிலிருந்து முதல் அலாரம் வரை

சுவரில் மாட்டி, மூன்று ஒயரை முறுக்கி, பச்சை விளக்கு எரிந்ததும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிற வேலை இல்லை இது. பச்சை விளக்குக்குக் கரண்ட் வருகிறதா என்று மட்டும்தான் தெரியும். வாயு கசிந்தால் பேனலில் அலாரம் அடிக்குமா என்பது வாயுவைக் கொடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது எரியும் வாயுவுக்கான கேட்டலிடிக் சென்சார் (உள்ளே இருக்கும் சூடான சிறு மணியில் வாயுவை எரித்து அளக்கும் வகை): 24 வோல்ட், மூன்று ஒயர், 4-20 மில்லி ஆம்ப் சிக்னல் (வாயு இல்லையென்றால் 4, முழு அளவில் 20). கேபிள் இழுக்கவும் துளை போடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இடம்

மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே ஏறும். புரொப்பேன் காற்றைப்போல ஒன்றரை மடங்கு கனம், தரையோடு தவழும். அதனால் மீத்தேனுக்குக் கூரையை ஒட்டி, புரொப்பேனுக்குத் தரையிலிருந்து சுமார் அரை மீட்டருக்குள், ஆனால் கழுவிவிடும் தண்ணீர் தெறிக்காத உயரத்தில். சென்சார் தலை கீழ்நோக்கி இருக்கட்டும். கூரையில் மாட்டினால் கேலிபிரேஷன் டியூபையும் (சோதனை வாயுவைச் சென்சாருக்குக் கொண்டுபோகும் குழாய்) அன்றைக்கே கீழே இறக்கிவிடுங்கள், ஏணி வேண்டும் என்றாலே சோதனை தள்ளிப்போகும்.

அப்புறம், கேபிள் நுழையும் கிளாண்டிலும் மூடியிலும் சிலிக்கோன் எதையும் தடவாதீர்கள். சிலிக்கோன் ஆவி கேட்டலிடிக் மணிக்கு விஷம். விளக்கு எரியும், ரீடிங் பூஜ்யம் காட்டும், வாயு வந்தாலும் பூஜ்யமே காட்டும்.

ஒயரிங்

ஷீல்டு கேபிள்தான். ஷீல்டை பேனல் முனையில் மட்டும் எர்த் செய்து, டிடெக்டர் முனையில் வெட்டி டேப் சுற்றிவிடுங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது சிக்னல் ஒயரில்தான். டிடெக்டர் கரண்டைத் தானே வெளியே தள்ளினால் அது சோர்ஸ், உள்ளே இழுத்தால் சிங்க். டிடெக்டர் சோர்ஸ் என்றால் பேனல் அதை வாங்கிக்கொள்ளும் நிலையில் இருக்க வேண்டும். இரண்டும் தள்ளினாலோ இரண்டும் இழுத்தாலோ டிடெக்டர் ஜம்மென்று எரியும், பேனலில் மட்டும் ஃபால்ட் நிற்கும், நீங்கள் கேபிளைச் சந்தேகப்பட்டு நாள் முழுக்கத் தேடுவீர்கள். சில பேனல்களில் ஜம்பர் அருகே எழுதியிருப்பது பேனலைக் குறிக்கிறதா, டிடெக்டரைக் குறிக்கிறதா என்பதே குழப்பம், ஆகவே பெயரை நம்பாமல் மேனுவலில் உள்ள வயரிங் படத்தைப் பாருங்கள். சிக்னல் ஒயரைக் கழற்றி, மல்டிமீட்டரைத் தொடராக வைத்து மில்லி ஆம்பைப் பார்த்தால் சந்தேகம் தீர்ந்துவிடும்.

வோல்டேஜை லோடோடுதான் அளக்க வேண்டும், டிடெக்டரைக் கழற்றிவிட்டு அளந்தால் எப்போதும் 24 காட்டி ஏமாற்றும். 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு கிலோமீட்டருக்குச் சுமார் 12 ஓம். 300 மீட்டர் தூரம் என்றால் போக வர 7 ஓம், கால் ஆம்ப் ஓடினாலே 1.8 வோல்ட் போய்விடும். இதற்குப் பெட்டியைத் திறக்க வேண்டியிருப்பதால் பெர்மிட் வாங்கி, கையடக்க டிடெக்டரால் அங்கே வாயு இல்லை என்று உறுதி செய்த பிறகே கை வையுங்கள்.

காத்திருங்கள்

பவர் கொடுத்த உடனே ஜீரோ செய்யாதீர்கள், அதாவது வாயு இல்லாத நிலையைப் பூஜ்யமாகப் பதியாதீர்கள். சூடேறும் வரை ரீடிங் நகர்ந்துகொண்டே இருக்கும். மேனுவல் ஒரு மணி நேரம் என்றாலும் நான் ஒரு இரவு விட்டுவிடுவேன். ஓடிக்கொண்டிருக்கும் ரீடிங்கில் ஜீரோ செய்தால் அந்தப் பிழை அப்படியே உள்ளே பதிந்துவிடும்.

ஜீரோ, ஸ்பேன்

முதலில் சைரன், வால்வு எல்லாவற்றையும் பேனலில் இன்ஹிபிட் செய்து (இயங்காமல் தடுத்து), கன்ட்ரோல் ரூமுக்குச் சொல்லிவிடுங்கள். ஜீரோவுக்கு அங்கிருக்கும் காற்றை நம்ப வேண்டாம், சுத்தக் காற்று சிலிண்டர் பயன்படுத்துங்கள். 4 மில்லி ஆம்ப் வர வேண்டும்.

ஸ்பேனுக்கு, அதாவது தெரிந்த அளவு வாயுவைக் கொடுத்து ரீடிங்கைச் சரிசெய்ய, மீத்தேன் காற்றில் கலந்த சிலிண்டர். நைட்ரஜனில் கலந்தது இந்த சென்சாருக்கு ஆகாது, ஆக்ஸிஜன் இல்லாமல் மணியில் எதுவும் எரியாது. ரெகுலேட்டர் நிலையான ஓட்டம் தருகிற வகையாக இருக்கட்டும், திருகித் திருகிச் சரிசெய்கிற வகை எனக்குப் பிடிக்காது. ஓட்டம் மேனுவலில் சொன்ன அளவு. கடிகாரத்தைப் பார்க்காமல் ரீடிங் நிலைக்கும் வரை விட்டு, பிறகு ஸ்பேன் செய்யுங்கள். எல்.இ.எல். என்பது காற்றில் வாயு தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவு. 50 சதவீத எல்.இ.எல். என்றால் 12 மில்லி ஆம்ப், பேனலிலும் 50.

பிறகு வால்வு மூடினால் பாதிக்கப்படுகிறவர்களிடம் ஒப்புதல் வாங்கி, இன்ஹிபிட்டை எடுத்துவிட்டு மறுபடி வாயு கொடுங்கள். அலாரம் 20, 40 சதவீத எல்.இ.எல். என்று வைத்திருந்தால் 7.2, 10.4 மில்லி ஆம்பில் பேனல் கத்த வேண்டும். சிக்னல் ஒயரைக் கழற்றினால் ஃபால்ட் வர வேண்டும். இதெல்லாம் நடந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

பின்னால் சேர்த்தது

சிலிண்டரில் 2.2 சதவீத மீத்தேன், லேபிளில் 50 எல்.இ.எல்., இது சரியா என்று கேட்கிறார்கள். மீத்தேனின் எல்.இ.எல்.லை ஒரு தரநிலை 4.4 சதவீதம் என்றும் இன்னொன்று 5 என்றும் எடுத்துக்கொள்கிறது. உங்கள் டிடெக்டர் 5-ஐ வைத்து அமைந்தது என்றால் இதே வாயு 44 மட்டுமே, ஸ்பேனில் 44 என்றே கொடுங்கள்.

சிகரெட் லைட்டரால் சோதிக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். அதிலிருந்து வருவது கிட்டத்தட்டக் கலப்பில்லாத பியூட்டேன், எவ்வளவு போகிறது என்றும் தெரியாது, சென்சாரே கெட்டுப்போகலாம்.