மகளோடு பந்தயத்துக்கு எந்தப் படகு? இருவர் டிங்கி வாங்கும் முன் ஏழு படிகள்

நாங்கள் முதலில் வாங்கியது தப்பான படகு. இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஒரு நீர்த்தேக்கத்தின் கரையில் இருக்கும் பாய்மரப் படகு கிளப்பில் சேர்ந்து, தொடக்கநிலைப் பயிற்சியை நானும் 12 வயது மகளும் ஒன்றாகவே முடித்தோம். சூட்டோடு சூடாக, பார்க்கக் கூர்மையாக, காற்று பின்னாலிருந்து வரும்போது முன்னால் விரிக்கும் பெரிய ஸ்பின்னேக்கர் பாயோடு இருந்த ஒன்றை வாங்கிவிட்டேன். இரண்டாவது ஞாயிறே மூன்று தடவை கவிழ்ந்தோம். மூன்றாவது தடவை அவள் உதடு நீலம் பாரித்து ஏறி வந்து, "அப்பா, இனிமே நான் வரல" என்றாள். படகின் மேல் ஒரு குறையும் இல்லை. அது சேர்ந்து 150 கிலோ வரும் இரண்டு பேருக்கான படகு. நாங்கள் இருவரும் சேர்ந்தால் 112.

அந்தத் தப்பை நீங்களும் செய்யாமலிருக்கத்தான் இது. குடும்பத்தோடு கிளப் பந்தயம் ஓட்ட நினைக்கும் புதியவர்களுக்கு மட்டும். தனி ஆள் ஓட்டும் லேசர், சோலோ எல்லாம் இங்கே பேச்சில் இல்லை.

படி 1: இரண்டு பேரும் எடை பாருங்கள்

டிங்கி என்கிற இந்தச் சின்னத் திறந்த பாய்மரப் படகின் அடியில் ஈயக் கட்டி கிடையாது. காற்று பாயைத் தள்ளும்போது படகைச் சாயவிடாமல் பிடிப்பது உங்கள் இருவரின் உடம்புதான், அதுவும் விளிம்பில் உட்கார்ந்து வெளியே எவ்வளவு சாய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பிராண்டு, வயது, நிறம் எல்லாம் அப்புறம், முதலில் சேர்ந்த எடையைத் தாளில் எழுதுங்கள்.

தோராயமாகச் சொன்னால், 100 கிலோவை ஒட்டி இருந்தால் மிரர், ஆர்எஸ் ஃபீவா மாதிரிச் சின்னப் படகுகள். 110 முதல் 130 வரை என்றால் ஃபயர்ஃபிளை. 125 முதல் 150 வரை எண்டர்பிரைஸ், ஆர்எஸ்200. அதற்கு மேலே ஜிபி14, ஆர்எஸ்400. இவை கல்லில் பொறித்த எண்கள் இல்லை. மென்காற்று வீசும் சின்ன ஏரியில் எடை குறைந்தவர்கள் மற்றவர்களைத் திணறடிப்பார்கள். குழந்தை வளரும் என்பதையும் மறக்காதீர்கள். என் மகள் இரண்டே வருடத்தில் 11 கிலோ கூடிவிட்டாள்.

படி 2: கிளப் கரையில் ஒரு நடை போங்கள்

ஞாயிறு காலையில் போய், வரிசையாக நிற்கும் படகுகளை எண்ணுங்கள். உறை போட்டுப் பாசி பிடித்து நிற்பவை கணக்கில் வராது, அன்றைக்குத் தண்ணீரில் இறங்குபவைதான் கணக்கு. எங்கள் கிளப்பில் அப்படிப் பார்த்தால் ஜிபி14 ஆறு, எண்டர்பிரைஸ் இரண்டு, மற்றதெல்லாம் ஒவ்வொன்று.

உங்கள் ரகத்திலேயே இன்னும் ஐந்து படகு இருந்தால், கடைசி ஆளாக வந்தாலும் உங்களுக்கு முன்னால் போனவர் அந்தக் கயிற்றை எங்கே கட்டியிருக்கிறார் என்று கரைக்கு வந்ததும் போய்ப் பார்க்கலாம், கேட்டால் ஆசையாகச் சொல்லிக்கொடுப்பார்கள், உடைந்த கொக்கிக்கு மாற்று யாரோ ஒருவரின் பெட்டியில் கிடைக்கும். வேறு யாரிடமும் இல்லாத படகை வாங்கியவருக்கு இது எதுவும் இல்லை.

படி 3: முன்னால் உட்காருபவர் கையில் என்ன இருக்கும்?

வாங்குகிறவர் எப்போதும் சுக்கானைப் பிடிக்கப்போகிறவர். அவர் தன் கண்ணால் மட்டுமே படகைப் பார்க்கிறார், நானும் அப்படித்தான் பார்த்தேன். ஆனால் குடும்பப் படகு கிளப்பிலேயே தங்குமா, விளம்பரத்தில் விற்பனைக்கு வருமா என்பதை முடிவு செய்வது முன்னால் உட்காரும் மனைவியோ மகனோ மகளோதான். அவர்களுக்கு வேலை அதிகமானாலும் போச்சு, வேலையே இல்லாமல் குளிரில் உட்கார்ந்திருந்தாலும் போச்சு.

மிரர் 1960களின் தொடக்கத்தில் ஜாக் ஹோல்ட், பாரி பக்னெல் இருவரும் வரைந்தது. டெய்லி மிரர் பத்திரிகை பின்னால் நின்றதால் அந்தப் பெயர், அதனால்தான் பாயும் சிவப்பு. ஒட்டுப்பலகைத் துண்டுகளைச் செம்புக் கம்பியால் தைத்து, பிசின் தடவி, வீட்டிலேயே கட்டும் விதம். 70,000-க்கு மேல் கட்டியிருக்கிறார்கள். 3.3 மீட்டர் நீளம், 45 கிலோ சொச்சம். பத்து வயதுப் பிள்ளையோடு பந்தயம் தொடங்க இதைவிடத் தோதான படகு எனக்குத் தெரியாது, ஆனால் நீங்கள் ஆறடி ஆள் என்றால் முழங்காலை எங்கே வைப்பது என்று தேட வேண்டியிருக்கும்.

எண்டர்பிரைஸும் ஹோல்ட் வரைந்ததுதான், 1956-இல். நீலப் பாய், 4 மீட்டர், ஸ்பின்னேக்கர் கிடையாது. முன்னால் இருப்பவருக்கு முன்பாயின் கயிறு, நடுப்பலகை (படகின் நடுவில் தண்ணீருக்குள் இறங்கும் பலகை), எடையை மாற்றுவது, அவ்வளவுதான். கற்றுக்கொள்ளும் முதல் வருடத்துக்கு இது தாராளமாகப் போதும்.

ஜிபி14 அதே மனிதர் 1949-இல் செய்தது. 14 அடி, வெற்று உடலே 130 கிலோவுக்கு மேல். பாயில் ஒரு கறுப்பு மணி இருக்கும். முதல் படகுகள் ஓடிய வேல்ஸ் ஊரான அபர்டோவியில், கடலுக்கடியில் மணி ஒலிப்பதாக ஒரு பழங்கதை உண்டு, அந்த மணிதான் இது. கனமாக இருப்பதால் காற்று திடீரென்று வீசினாலும் பதறாமல் நிற்கும். ஸ்பின்னேக்கர் இருக்கிறது, ஆனால் முதல் வருடம் அதைப் பையிலேயே விட்டுவிடலாம். கரையில் இழுத்து ஏற்றும்போது மட்டும் முதுகு ஞாபகத்துக்கு வரும்.

ஃபயர்ஃபிளை 1946-இல் உஃபா ஃபாக்ஸ் வரைந்தது. 1948 ஒலிம்பிக்கில் இதைத் தனி ஆளாக ஓட்டித்தான் டென்மார்க் பாய்மர வீரர் பால் எல்வ்ஸ்ட்ராம் தன் முதல் தங்கத்தை வென்றார். எடை குறைந்த ஜோடிக்கு நல்ல படகு. ஆர்எஸ்200, ஆர்எஸ்400 இரண்டும் 1990களில் ஃபில் மாரிசன் வரைந்தவை. மூக்கிலிருந்து நீளும் கம்பும் பெரிய பாயும் சேர்ந்து சறுக்கிக்கொண்டு போவது நிஜமாகவே பரவசம், கணவன் மனைவி ஜோடிகள் நிறையப் பேர் 200 ஓட்டுகிறார்கள். இரண்டு மூன்று வருடம் பழகியவர்களுக்கு. முன்னால் இருப்பவர் பாய்மரத்திலிருந்து வரும் டிரபீஸ் கம்பியில் வெளியே தொங்க வேண்டிய '420' என்ற படகு இளைஞர்களுக்கு இருக்கட்டும்.

படி 4: வேகத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்

பல ரகப் படகுகள் ஒன்றாக ஓடும் பந்தயத்தில் போர்ட்ஸ்மத் யார்ட்ஸ்டிக் என்ற கணக்கு உண்டு. ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண். மெதுவான படகுக்குப் பெரிய எண். எடுத்த நேரத்தை ஆயிரத்தால் பெருக்கி அந்த எண்ணால் வகுக்க வேண்டும். ஜிபி14-க்கு 1130, ஆர்எஸ்200-க்கு 1050 என்று வைத்துக்கொள்வோம். ஜிபி 60 நிமிடத்தில் முடித்தால் 53.1, ஆர்எஸ் 56 நிமிடத்தில் முடித்தால் 53.3. நான்கு நிமிடம் பிந்தி வந்த ஜிபிதான் ஜெயித்தது. எண்கள் வருடா வருடம் மாறும், கிளப் பலகையில் ஒட்டியிருப்பார்கள்.

படி 5: கேட்டு ஓட்டுங்கள், வேண்டுமென்றே கவிழுங்கள்

கிளப்பில் ஒருவரிடம் "ஒரு சுற்று போகலாமா" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். காற்று கொஞ்சம் உள்ள நாளாகப் பார்த்துப் போங்கள். பெரியவர் பாய்க்கம்புக்கு அடியில் குனிந்து மறுபக்கம் போக முடிகிறதா? சின்னவரால் முன்பாயின் கயிற்றைத் தானே பிடியிலிருந்து விடுவிக்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்தப் படகு வேண்டாம், ஏனென்றால் விடுபடாத கயிறு பல கவிழ்ச்சிகளுக்குக் காரணம்.

அப்புறம், மீட்புப் படகு பக்கத்தில் இருக்கும்போது கவிழ்த்துப் பாருங்கள். ஒருவர் நடுப்பலகையில் ஏறிச் சாய, மற்றவர் படகுக்குள் மிதந்தபடி இருந்தால் படகு நிமிரும்போது அவரையும் உள்ளே அள்ளிக்கொண்டு வரும். சின்னவரை உள்ளே வைத்து, நீங்கள் பலகையில் ஏறுங்கள். பழைய ஜிபி14 என்றால் தொட்டி நிறையத் தண்ணீரோடு நிமிரும், வாளி கட்டி வையுங்கள். இருவருக்கும் உடம்போடு ஒட்டிய வெட்சூட் என்ற குளிர்நீர் உடையும், மிதப்புத் திறன் 50 நியூட்டன் என்று குறித்த மிதவைச் சட்டையும் கட்டாயம். பிள்ளையின் சட்டையைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை வந்தால் அளவு தப்பு.

படி 6: பழைய படகாக வாங்குங்கள்

புதிய ஆர்எஸ்200 பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். பழைய எண்டர்பிரைஸோ ஜிபியோ சில நூறு பவுண்டுக்கே கிடைக்கும். போனதும் ஒரு முனையைத் தூக்கி ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் சலசலத்தால் மிதவை அறையில் ஓட்டை. பாய்மரத்தின் அடியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள், மெத்தென்று இருக்கக்கூடாது. மரத்தை நிறுத்தும் கம்பிகளில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் மாற்ற வேண்டும், அந்தச் செலவைப் பேரத்தில் கழியுங்கள். படகு அதன் ரகத்தின் அளவு விதிகளுக்குள் இருப்பதைக் காட்டும் அளவுச் சான்றிதழ் இல்லாமல் பெரிய போட்டிகளுக்குப் போக முடியாது. தள்ளுவண்டி சேர்த்தா என்று கேளுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் கிளப்பில் இறக்க விடமாட்டார்கள்.

படி 7: முதல் பந்தயம்

தொடக்கக் கோட்டில் நிற்கும் படகு வரிசைக்கு நடுவில் நுழைய வேண்டாம். ஐந்து நிமிடம், நான்கு, ஒன்று, தொடக்கம் என்று ஒலி வரும். கடிகாரத்தைப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள், அதுவே ஒரு பதவி. இடப்பக்கம் காற்று வாங்கும் படகு வலப்பக்கம் காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும், இந்த ஒரு விதியோடு முதல் மாதம் ஓட்டிவிடலாம்.

நாங்கள் கடைசியில் வாங்கியது ஒரு ஜிபி14. எங்கள் எடைக்கு அது பெரிது, படி 1 சொல்வதற்கு நேர்மாறு. ஆனால் கரையில் ஆறு பேர் அதில்தான் இருந்தார்கள், படகும் நிதானமானது, காற்று பலமாக வீசும் ஞாயிறுகளில் மகளைக் கரையில் விட்டுவிட்டு நண்பர் ஒருவரை முன்னால் ஏற்றிக்கொண்டேன். மகள் இப்போது 49 கிலோ. போன மாதத்திலிருந்து சுக்கான் அவள் கையில், முன்னால் நான். குளிர்கிறது.