ஹாஸ்டலில் ராகிங்: அன்றிரவே என்ன செய்வது, யாருக்கு எழுதுவது

"வா, உன்னை ராகிங் பண்ணப் போகிறோம்" என்று எந்த சீனியரும் கூப்பிடுவதில்லை. "இன்ட்ரோ கொடுத்துட்டுப் போ" என்றுதான் கூப்பிடுவார்கள். பெயர், ஊர், பிளஸ் டூ மார்க் என்று ஆரம்பித்து, பாடு, ஆடு, அந்தப் பெண்ணிடம் போய் இதைச் சொல் என்று நகர்ந்து, கொஞ்ச நாளில் அவர்களுடைய ரெக்கார்ட் நோட்டை எழுதித் தருவதிலும் நள்ளிரவில் நம் காசில் பரோட்டா வாங்கி வருவதிலும் வந்து நிற்கும். அடி விழுந்தால்தான் ராகிங் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2009 விதிமுறைகளின்படி எழுத்து வேலை வாங்குவதும் செலவு செய்ய வைப்பதும்கூட ராகிங்தான். சாதி, மதம், நிறம், பிறந்த ஊர், பேசும் மொழி, வீட்டு வசதி இவற்றை வைத்துத் துன்புறுத்துவதையும் 2016 திருத்தம் சேர்த்துவிட்டது. "எந்த ஊரு, ஊர்ல எந்தத் தெரு?" என்று இன்ட்ரோவில் எதற்குக் கேட்கிறார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன!

சரி, நடந்துவிட்டது. அன்றிரவே எழுதி வைத்துவிடுங்கள். புகார்கள் பிசுபிசுத்துப்போக முக்கியக் காரணம், இரண்டு வாரம் கழித்து மொட்டையாக எழுதிக் கொடுப்பதுதான். "சீனியர்கள் தொந்தரவு செய்கிறார்கள்" என்று எழுதினால் வார்டன் எல்லோரையும் கூப்பிட்டு அட்வைஸ் செய்து கைகொடுக்க வைத்து அனுப்பிவிடுவார், அடுத்த நாள் உங்கள் பாடு இன்னும் மோசம். இப்படி எழுதுங்கள்: "14ஆம் தேதி இரவு 11.20க்கு இரண்டாம் மாடி 214ஆம் அறைக்கு அழைத்தார்கள். மூன்று பேர் இருந்தார்கள், இருவர் பெயர் தெரியும். சட்டையைக் கழற்றச் சொல்லி முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். என் அறை நண்பன் வாசல் வரை வந்து பார்த்தான்." ஒருவர் பெயர்கூடத் தெரியாவிட்டாலும் எழுதலாம். செய்தவர்களை அடையாளம் காண முடியாதபோது கூட்டாகத் தண்டிக்கவும் விதியில் இடம் இருக்கிறது.

வாட்ஸ்அப் மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நீங்கள் சேமித்து வைத்த பெயர் மட்டும் போதாது, நம்பரும் தேதியும் தெரிய வேண்டும். மறைந்துபோகும் மெசேஜ் என்றால் நண்பனின் போனில் படம் பிடித்துவிடுங்கள். பயந்துபோய் "ஓகே அண்ணா" என்று பதில் போட்டிருப்பீர்கள், அதை அழிக்காதீர்கள், மிரட்டலுக்குக் கிடைத்த பதில் அது என்பது படிப்பவர்களுக்குப் புரியும். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய், எப்படி ஏற்பட்டது என்பதை உள்ளபடி சொல்லி ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) பதிவு போடச் சொல்லுங்கள். "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

புகாரை வார்டனிடம் வாயால் சொல்லி நிறுத்தக் கூடாது. முதல்வருக்கும் ராகிங் தடுப்புக் குழுவுக்கும் மின்னஞ்சலில் அனுப்புங்கள், வீட்டாரையும் அதில் சேர்த்துவிடுங்கள். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. புகார் கொடுத்தவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும் என்பதும், குற்றம் என்று தெரிந்தால் கல்லூரித் தலைமை 24 மணி நேரத்துக்குள் எஃப்.ஐ.ஆர். பதிய வைக்க வேண்டும் என்பதும் விதி. கல்லூரி இழுத்தடித்தால் நீங்களே காவல் நிலையம் போகலாம். எழுதிக் கொடுத்துவிட்டு புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

"காலேஜ்னா இதெல்லாம் சகஜம்ப்பா" என்பவர்களிடம் பொன் நாவரசுவைப் பற்றிச் சொல்லுங்கள். 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாமாண்டு மாணவரான அவர் சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகுதான் 1997இல் தமிழ்நாட்டுக்குத் தனிச் சட்டமே வந்தது: 2 ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். நாவரசு கொலை வழக்கில் உயர் நீதிமன்றம் கொடுத்த விடுதலையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து தண்டனையை உறுதிப்படுத்தியபோது 2011 ஆகியிருந்தது.

அறை நண்பன் மெஸ்ஸுக்கு வராமல் இருக்கிறான், வெள்ளிக்கிழமை ஆனால் ஊருக்கு ஓடுகிறான், போன் அடித்தாலே திடுக்கிடுகிறான் என்றால் "என்னடா ஆச்சு?" என்று பத்துப் பேர் நடுவில் கேட்காதீர்கள். டீக்கடைக்குத் தனியாகக் கூட்டிப்போய்க் கேளுங்கள். அடுத்த முறை கூப்பிட்டால் கூடவே போங்கள். தனியாளாக மாட்டுகிறவனிடம்தான் இவர்கள் வீரம் எல்லாம். அவன் சாவதைப் பற்றிப் பேசினால் உடனே வீட்டுக்குச் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரத்திலும் பேசலாம்.

பெற்றோருக்கு ஒன்று. அட்மிஷனில் கையெழுத்துப் போட்ட ராகிங் எதிர்ப்பு உறுதிமொழியோடு உங்கள் வேலை முடியவில்லை. முதல் மூன்று மாதம் இரு வாரத்துக்கு ஒருமுறை முதலாமாண்டு மாணவர்களிடம் பெயர் கேட்காமல் கருத்துக் கணிப்பு நடத்த வேண்டும் என்று விதியில் இருக்கிறது, நடத்துகிறீர்களா என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லும் விதத்திலேயே கல்லூரியின் லட்சணம் தெரிந்துவிடும்.

அப்புறம் இரண்டாமாண்டு தம்பி தங்கைகளே, "நாங்க பட்டோம்ல, அவங்களும் படட்டும்" என்ற பேச்சு உங்கள் பேட்ச் குரூப்பில் ஜூன், ஜூலையிலேயே ஆரம்பித்துவிடும். முதல் ஆளாக "எனக்கு இதுல இஷ்டம் இல்லை, நான் வரல" என்று யாராவது ஒருவர் போட்டுவிட்டால், வாய் திறக்காமல் இருக்கும் நாலைந்து பேர் பின்னாலேயே வருவார்கள். பழைய ரெக்கார்ட் நோட்டு, பல்கலைக்கழகக் கேள்வித்தாள், எந்த பஸ் எத்தனை மணிக்கு என்ற விவரம், இதையெல்லாம் ஜூனியருக்குக் கொடுத்துக்கூட அறிமுகம் ஆகலாம்.