எலக்ட்ரிக் சைக்கிளா? ஏற்றத்தை முதலில் முடியுங்கள்

மலேசியாவின் கோல குபு பாருவில் எலக்ட்ரிக் சைக்கிள் எடுத்துச் சுற்றப் போகிறவர்கள், காலையில் பசியாறியதும் முதல் வேலையாக பிரேசர் மலை சாலையில் ஏறி சுங்கை சிலாங்கூர் அணை ஏரியைப் பார்த்துவிடுங்கள். ஆற்றோரம், டவுன், செம்பனைத் தோட்டப் பக்கமெல்லாம் இறங்கி வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். ஏற்றத்தில்தான் மோட்டார் பேட்டரியை உறிஞ்சும், சமதரையில் அவ்வளவு செலவாகாது. அதனால் பேட்டரி நிறைய இருக்கும்போதே ஏறிவிட்டால், வழியில் சார்ஜ் தீர்ந்தாலும் டவுன் வரை பெரும்பாலும் இறக்கம்தான், உருண்டே வந்துவிடலாம். கீழே பாதியைத் தீர்த்துவிட்டு ஏறினால், 20 கிலோவுக்கும் மேல் கனக்கிற வண்டியைக் காலாலேயே மிதிக்க வேண்டும், அந்த வெயிலில் அது தண்டனை! இறங்கும்போது பேட்டரி மறுபடி ஏறும் என்றும் நம்பாதீர்கள், பெரும்பாலான வண்டிகளில் அந்த வசதி கிடையாது.

தைப்பிங் ஏரிப் பூங்கா மாதிரி சமதரை இடத்துக்கு இந்தக் கணக்கே வேண்டாம். மேடும் பள்ளமுமான தோட்டத்துச் செம்மண் பாதையிலும் பலன் இல்லை, போக வர இரண்டு பக்கமும் ஏற்றம்தானே. அப்புறம், காலையிலேயே மலைப்பக்கம் கருத்திருந்தால் ஏரியை இன்னொரு நாள் பார்க்கலாம், ஈர இறக்கத்தில் கனமான சைக்கிள் சட்டென நிற்காது.