ஸ்னோபோர்டு விளிம்பில் துரு: அரத்தை எடுக்கும் முன் செய்ய வேண்டியவை

பனியில் சறுக்கிவிட்டு வந்த களைப்பில் ஸ்னோபோர்டை அப்படியே பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தால், இரும்பு விளிம்பு முழுக்கச் செம்பழுப்பு. பலகையே வீணாகிவிட்டதோ என்று பதறினேன். உண்மையில் அது மேலாகப் படிந்த துருதான். பத்து நிமிடத்தில் போய்விட்டது.

இந்த விளிம்புகளைப் பெரும்பாலும் கார்பன் எஃகில்தான் செய்கிறார்கள். கூர்மை நன்றாக நிற்கும், ஆனால் ஈரம் பட்டால் துரு ஏறும். காரின் மேல் கட்டிக் கொண்டுபோகும்போது சாலையில் தூவிய உப்பும் தெறித்தால் இன்னும் வேகமாக ஏறும்.

முதலில் பாருங்கள்

பலகையை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, வெளிச்சத்தில் விளிம்பைப் பாருங்கள். துணியால் தேய்த்தாலே செங்கல்பொடி போல வருகிறதா? அப்படியானால் மேல்துருதான். கறுத்த புள்ளிகளாகக் குழி விழுந்திருந்தால், துரு இரும்பைத் தின்ன ஆரம்பித்துவிட்டது என்று பொருள். விளிம்பும் அடிப்பாகமும் சேரும் இடுக்கிலிருந்து துருநீர் கசிந்தாலோ, விளிம்பு பலகையை விட்டு விலகியிருந்தாலோ நீங்கள் கை வைக்க வேண்டாம். உள்ளே இருக்கும் மரத்துக்கு ஈரம் போயிருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் காட்டுங்கள்.

மேல்துருவை எடுக்க

கம்மி ஸ்டோன் போதும். உராய்வுத் துகள் கலந்த ரப்பர் கட்டி அது, பார்க்க அழிரப்பர் மாதிரியே இருக்கும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விளிம்பு கையைக் கிழிக்கும். அடிப்பாகத்தில் விளிம்பையொட்டி மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கட்டியை விளிம்பின் பக்கவாட்டு முகத்தில் தட்டையாக வைத்து, முனையிலிருந்து வால் வரை லேசாகத் தேய்த்துக்கொண்டு போங்கள். பிறகு அடிப்பக்க முகத்திலும் அதேபோல.

புதியவர்கள் தவறுவது இங்கேதான். இரண்டு முகங்களும் சேரும் கூர்முனையில் கட்டியைச் சாய்த்துத் தேய்த்தால் துரு போகும், கூடவே கூர்மையும் போய்விடும். அவசரப்படாமல் ஒவ்வொரு முகமாகச் செய்யுங்கள்.

குழித் துரு என்றால்

வைரத் துகள் பதித்த தேய்ப்புக் கல்லான டைமண்ட் ஸ்டோனை நீரில் நனைத்து, விளிம்புக் கோணத்தைப் பிடித்துக்கொள்ளும் கைடில் பொருத்துங்கள். உங்கள் பலகையின் கோணம் எவ்வளவோ, கைடிலும் அதே கோணம் இருக்க வேண்டும். தெரியாவிட்டால் ஒரு எளிய வழி இருக்கிறது. விளிம்பின் ஒரு சிறு பகுதியில் மார்க்கரால் கறுப்பாகப் பூசி, கல்லை ஒருமுறை இழுங்கள். மை முழு அகலத்திலும் சீராக அழிந்தால் கோணம் சரி. மேலோரத்தில் மட்டுமோ கீழோரத்தில் மட்டுமோ அழிந்தால் கைடை மாற்றி வையுங்கள்.

அரம் கடைசி வழி. குழியின் அடிவரை தோண்டி எடுத்தே தீருவேன் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். விளிம்பின் கனம் சுமார் 2 மில்லிமீட்டர்தான், அராவிய இரும்பு திரும்ப வராது. சின்னப் புள்ளிகள் இருந்தாலும் பலகை நன்றாகவே ஓடும்.

முடித்ததும் இரும்புத் தூளைத் துடைத்து, கல் வழியாக வந்த ஈரத்தையும் ஒற்றி எடுங்கள். இதை விட்டால் மறுநாளே மீண்டும் பழுப்பு ஏறும்.

மீண்டும் வராமல் இருக்க

ஒவ்வொரு நாளும் சறுக்கி முடித்ததும், வண்டியில் ஏற்றும் முன்பே விளிம்பையும், பூட்ஸை மாட்டும் பைண்டிங் இருக்கும் பக்கத்தையும் துண்டால் துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து வெளியே எடுத்து வையுங்கள். பையையும் திறந்தே காயவிடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்தால் கம்மி ஸ்டோனுக்கே அதிகம் வேலை இருக்காது.

சீசன் முடிந்து மாதக்கணக்கில் வைக்கப் போகிறீர்கள் என்றால், இஸ்திரியால் மெழுகை உருக்கி அடிப்பாகத்தில் தடிமனாகப் பூசி, விளிம்பின் மேலும் வழியவிடுங்கள். மெழுகு புகைந்தால் இஸ்திரியின் சூடு அதிகம், குறையுங்கள். ஒரே இடத்தில் நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். மெழுகைச் சுரண்டாமல் அப்படியே விட்டு, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள்.

அடுத்த சீசனில் பனியில் இறங்கும் முன் முதலில் விளிம்பிலுள்ள மெழுகை எடுத்துவிடுங்கள். மெழுகு ஒட்டிய விளிம்பு உறைபனியில் பிடிக்காது, முதல் திருப்பத்திலேயே வழுக்கும்.