வாக்குத்தத்த அட்டையை எப்படி வாசிப்பது

எங்கள் சபையில் டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரப்போகிற வருஷத்துக்கான வாக்குத்தத்தமாக வேதவசனம் எழுதின அட்டை ஒன்றை எடுப்போம். 2018-க்கு நான் எடுத்த அட்டையில் எரேமியா 29:11 இருந்தது. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." நாகர்கோவிலில் தையல் வேலை செய்கிறேன். மிஷினுக்கு நேர் மேலே சுவரில் ஒட்டிவைத்தேன். அந்த ஆகஸ்டில் என் கணவர் சிறுநீரக நோயில் இறந்துபோனார்.

கிழித்துப் போடத்தான் கை போனது. அதற்கு முன் ஒரு தடவை அந்த அதிகாரம் முழுவதையும் வாசித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அன்றைக்குப் புரிந்ததைத்தான் இப்போது எங்கள் பெண்கள் ஐக்கியத்தில் அட்டை எடுக்கிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

முதலில், வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இது எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து அனுப்பிய கடிதம். வாங்கினவர்கள் ராஜாவாகிய நேபுகாத்நேச்சார் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டுபோன யூத ஜனங்கள். வீட்டையும் நிலத்தையும் இழந்தவர்களுக்கு வந்த வார்த்தை இது.

அப்புறம், முந்தின வசனத்தை வாசியுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். 10ஆம் வசனம் எழுபது வருஷம் என்கிறது. கடிதம் வந்தபோது நாற்பது வயதில் இருந்தவர் ஊர் திரும்பியிருக்க மாட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பியிருப்பார்கள். முந்தின 28ஆம் அதிகாரத்தைப் பார்த்தால், இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்று அனனியா என்கிற தீர்க்கதரிசி சொல்கிறான். ஜனங்களுக்கு அதுதான் பிடித்திருக்கும். ஆனால் அது பொய். "இந்த வருஷத்துக்குள் நடக்கும்" என்று யாராவது கெடு குறித்துச் சொன்னால் எனக்கு அனனியா ஞாபகம்தான் வருகிறது. அட்டையின் பின்பக்கத்தில் முந்தின வசனத்தின் எண்ணைப் பென்சிலால் எழுதிவையுங்கள்.

காத்திருக்கிற நாட்களில் என்ன செய்யச் சொல்கிறது என்றும் தேடுங்கள். வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. நான் மூன்றாம் வாரம் மிஷினைத் திறந்து பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்க ஆரம்பித்தேன். எனக்கு அதுதான் தோட்டம்.

"வாலாக்காமல் தலையாக்குவார்" வந்தால் உபாகமம் 28-இல் அதே வசனத்தில் இருக்கிற நிபந்தனையையும் வாசியுங்கள். "எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்கிற பிலிப்பியர் 4:13 வந்தால் 12-ஐயும் சேர்த்து வாசியுங்கள். பவுல் பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டதைச் சொல்கிறார்.

நன்மை வந்தால் தயங்காமல் சந்தோஷப்படுங்கள். மகளுக்கு நர்ஸ் வேலை கிடைத்தபோது ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தோம், தெருவுக்கெல்லாம் கேக் கொடுத்தோம். அது தேவன் தந்ததுதான். ஆனால் அது கிடைக்காத வீட்டைத் தேவன் மறந்துவிட்டார் என்று அர்த்தமில்லை.

"விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று என்னிடமும் சொன்னார்கள். அப்படி யாராவது சொல்லிவிட்டுப் போனால் எபிரெயர் 11-ஐ எடுங்கள். 34ஆம் வசனத்தில் சிலர் பட்டயத்துக்குத் தப்பினார்கள். 37-இல் வேறு சிலர் அதே பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தார்கள். இரண்டு பேருக்கும் விசுவாசத்தினாலே நற்சாட்சி. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அவர்கள் அடையவில்லை என்றும் 39-இல் இருக்கிறது. அப்படியானால் அந்த வாக்குத்தத்தம் மரணத்தோடு முடிகிறதாக இருக்க முடியாது. நித்திய ஜீவன் என்பதை இங்கே ஒன்றும் கிடைக்காதவர்களுக்கான ஆறுதல் பரிசு போல நான் நினைத்திருந்தேன். இந்த அதிகாரத்தில்தான், எல்லா வாக்குத்தத்தமும் போய்ச் சேருகிற இடமே அதுதான் என்று கண்டேன்.

கடைசியாக ஒன்று. துக்க வீட்டுக்கு முதல் வாரம் போகும்போது இதையெல்லாம் விளக்காதீர்கள். என் வீட்டுக்கு ஒரு அக்கா கஞ்சியும் பயறும் கொண்டுவந்தார். ஒரு வசனமும் சொல்லாமல், பாதியில் கிடந்த ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனார். டிசம்பரில்தான், "வாசிக்கட்டுமா?" என்று கேட்டார். வெளிப்படுத்தின விசேஷம் 21. கண்ணீர் யாவையும் துடைப்பார் என்கிற இடம் வந்ததும், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.