‘கெட்’ (get) என்ற ஆங்கிலச் சொல்லைப் போர்ச்சுகீசியத்தில் மொழிபெயர்ப்பது எப்படி?

‘கெட்’டுக்கு ஈடாகப் போர்ச்சுகீசியத்தில் ஒரே வினைச்சொல் கிடையாது. அகராதியில் கிடைக்கும் ‘ஒப்தேர்’ சரியான சொல்தான், ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட்டால் சாதாரணப் பேச்சும் அரசாணை மாதிரி ஆகிவிடும்.

படி 1: ஆங்கில வாக்கியத்தை முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். கிடைத்தது, வந்து சேர்ந்தேன், புரிந்தது, களைத்துப்போனேன் என்று தமிழ் தானாகவே பொருளைப் பிரித்துக் கொடுத்துவிடும். தமிழருக்கு இது பெரிய வசதி.

படி 2: அந்தத் தமிழ் வினைக்கு உரியதை எடுங்கள். கடிதம் வந்தால் ‘ரெசெபேர்’. கடையில் வாங்கினால் ‘கொம்ப்ரார்’. முயன்று பெற்றால் ‘கொன்செகீர்’. போய் எடுத்துவர, குழந்தையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர ‘இர் புஸ்கார்’. வீடு வந்து சேர ‘ஷெகார்’. பஸ் பிடிக்கப் போர்ச்சுகலில் ‘அபன்யார்’, பிரேசிலில் ‘பெகார்’. சளி பிடித்தாலும் அதே வினைகள்தான், நம் ‘பிடி’யைப் போலவே.

சறுக்குவது ‘வாங்கு’ என்ற சொல்லில். ‘சம்பளம் வாங்கினேன்’ என்பதற்குக் ‘கொம்ப்ரார்’ போட்டால் சம்பளத்தைக் காசு கொடுத்து வாங்கியதாக ஆகும்; அங்கே ‘ரெசெபேர்’ வேண்டும். ‘எனக்கு வேலை கிடைத்தது’ என்பதிலும் கவனம். தமிழில் எழுவாய் வேலை. போர்ச்சுகீசியத்தில் எழுவாய் நான். ‘கொன்செகீ உம் எம்ப்ரேகு’ என்றால் போதும், ‘எனக்கு’ என்பதைத் தனியாகச் சேர்க்கக் கூடாது.

படி 3: ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு மாறுவதைச் சொன்னால் ‘ஃபிகார்’ போட்டு, பின்னால் பெயரடை. களைத்துப்போன ஆண் ‘ஃபிகேய் கன்சாது’ என்பார், பெண் ‘ஃபிகேய் கன்சாதா’ என்பார். இந்த இறுதி எழுத்தைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள், ஏனென்றால் ஆங்கிலத்தில் பெயரடை மாறுவதே இல்லை. ஆனால் தனி வினை இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள்: இருட்ட ‘அனொய்தெசேர்’, முதுமையடைய ‘என்வெல்யெசேர்’, கல்யாணம் செய்துகொள்ள ‘கசார்’. இருந்தால் அதுவே இயல்பாக ஒலிக்கும்.

படி 4: யாருக்காக எழுதுகிறீர்கள் என்று பாருங்கள். ‘புரிந்தது’ என்ற பொருளில் லிஸ்பனில் ‘பெர்செபேர்’ அன்றாடச் சொல். பிரேசிலில் அதற்குக் கவனித்தல், உணர்தல் என்ற பொருளே முதலில் தோன்றும். அங்கே ‘எந்தெந்தேர்’ எழுதுங்கள். ‘ரெசெபேர்’, ‘பெர்செபேர்’ இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், அவசரத்தில் மாறிவிடும்.

முடி வெட்டிக்கொண்டதைச் சொல்ல ஆங்கிலத்தில் ‘கெட்’ வரும். போர்ச்சுகீசியத்தில் சலூன்காரர் வெட்டியிருந்தாலும் ‘கொர்தேய் உ கபேலு’, அதாவது ‘முடி வெட்டினேன்’ என்பதே வழக்கம். ‘கெட்’டுக்கு அங்கே வேலையே இல்லை, விட்டுவிடலாம்.