பழைய யூனிக்ஸ்ல சி கோட் ஓடணுமா? ஃபங்ஷன் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது

சன்ஓஎஸ் 4, பழைய சோலாரிஸ், ஐரிக்ஸ் மாதிரி சிஸ்டத்துல உங்க கோட் கம்பைல் ஆகணும்னா முதல்ல ஓஎஸ் பேரை வச்சு இஃப்டெஃப் (#ifdef, இது இருந்தா மட்டும் இந்த கோடை எடுன்னு சொல்ற வரி) போடுறத நிறுத்துங்க. யூனிக்ஸ்ல பிஎஸ்டி, சிஸ்டம் ஃபைவ்னு ரெண்டு கிளை உண்டு; சன்ஓஎஸ் 4 பிஎஸ்டி வழி, அதே பேர்ல வந்த 5 சிஸ்டம் ஃபைவ் வழி, பேரைப் பாத்து என்னத்த முடிவு பண்றது? ஒவ்வொரு ஃபங்ஷனா இருக்கான்னு கேளுங்க. ஆட்டோகான்ஃப் (கம்பைலுக்கு முன்னாடி சிஸ்டத்துல என்ன இருக்குன்னு சோதிக்கிற டூல்) அதுக்குத்தான் இருக்கு, அதோட ஏசி_செக்_ஃபங்க்ஸ்ல (AC_CHECK_FUNCS) பேரைக் குடுத்தா ஒரு குட்டி ப்ரோக்ராமை லிங்க் பண்ணிப் பாத்து கான்ஃபிக் டாட் ஹெச்ல ஒரு மேக்ரோ போட்டுடும்.

இல்லாததுக்கு மாத்து நீங்களே வச்சுக்கணும். சன்ஓஎஸ் 4ல மெம்மூவ் (memmove, மெமரியை ஒரு இடத்துலருந்து இன்னொரு இடத்துக்கு காப்பி பண்றது) கிடையாது, ஸ்ட்ர்எரர் (strerror, எரர் நம்பரை மெசேஜா மாத்துறது) கிடையாது. மெம்மூவுக்கு பதிலா பிகாப்பி (bcopy) போடுறவங்க ஆர்க்யுமென்ட் வரிசையப் பாருங்க, அதுல சோர்ஸ்தான் முதல்ல வரும். சோர்ஸும் காப்பி போற இடமும் ஓவர்லேப் ஆனா எல்லா பிகாப்பியும் ஒழுங்கா நடந்துக்காது, அதனால பத்து லைன்ல சொந்தமா எழுதிடுறதே நல்லது. ஸ்ட்ர்எரருக்கு பதிலா சிஸ்_எர்ர்லிஸ்ட் (sys_errlist) அரே இருக்கு, ஆனா எரர் நம்பர் சிஸ்_என்எர்ர்க்குள்ள (sys_nerr, அந்த அரேயோட அளவு) இருக்கான்னு பாத்துட்டுத்தான் தொடணும்.

உண்மையான ஆபத்து, ஃபங்ஷன் இருக்கும் ஆனா வேற மாதிரி நடக்கும், அதான். பழைய பிஎஸ்டி எஸ்பிரிண்ட்எஃப் (sprintf, பஃபர்ல டெக்ஸ்ட் எழுதுறது) நீளத்தை தராது, பஃபர் பாயின்டரைத் தரும், அதனால ஸ்ட்ர்லென் போட்டே எண்ணுங்க. ரீஅல்லாக்குக்கு (realloc, எடுத்த மெமரியோட அளவை மாத்துறது) NULL பாயின்டர் குடுத்தா சன்ஓஎஸ் 4 ஏத்துக்காது, பாயின்டர் NULL-ஆ இருந்தா மல்லாக்கை (malloc) கூப்பிடுற மாதிரி ஒரு சின்ன ரேப்பர் போதும்.

எஸ்என்பிரிண்ட்எஃப்தான் (snprintf, பஃபர் சைஸைத் தாண்டாம எழுதுற எஸ்பிரிண்ட்எஃப்) இதுல பெரிய தலைவலி. சோலாரிஸ் 2.5.1ல அது இல்லவே இல்ல, 2.6ல வந்துது. இடம் பத்தலன்னா மொத்தம் எவ்வளவு வேணும்னு திருப்பித் தரணும்னு சொல்றது சி99 (1999ல வந்த சி ஸ்டாண்டர்டு), ஆனா ஜிலிப்சி (glibc, லினக்ஸ்ல இருக்குற சி லைப்ரரி) 2.0.6 வரைக்கும் -1 தான் தந்துது. சைஸ் 0 குடுத்து நீளத்தை அளக்குற ட்ரிக்கை நம்பாதீங்க, 1997ல வந்த சிங்கிள் யூனிக்ஸ் ஸ்பெக்ல அதுக்கு 1ஐ விட சின்னதா ஏதோ ஒரு நம்பர் வரும்னுதான் இருக்கு. அதனால நெகட்டிவ் வந்தாலோ சைஸுக்கு சமமாவோ மேலயோ வந்தாலோ பஃபரை டபுள் பண்ணி திரும்ப கூப்பிடுங்க, கூடவே ஒரு உச்ச வரம்பும் வைங்க, ஏன்னா நிஜமான எரருக்கும் -1 தான் வரும், வரம்பு இல்லன்னா லூப் மெமரி தீர்ற வரைக்கும் ஓடும்.

இந்த மாதிரி நடத்தையை லிங்க் டெஸ்ட் கண்டுபிடிக்காது, ஆட்டோகான்ஃப்ல ஏசி_ரன்_இஃப்எல்ஸ் (AC_RUN_IFELSE) போட்டு ஓட்டித்தான் பாக்கணும். க்ராஸ் கம்பைல் (வேற மெஷினுக்காக இங்க கம்பைல்) பண்ணா ஓட்ட முடியாதுல்ல, அப்போ அதோட நாலாவது ஆர்க்யுமென்ட்ல "உடைஞ்சிருக்கு"ன்னே வச்சு உங்க சொந்த வெர்ஷனை எடுக்க விடுங்க, ப்ரோக்ராம் சைஸ் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.